தோட்டத்து ஷேட் நெட்: சில கோடைகள் பழகிய பிறகு

மே மாதம் பிறந்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஏலகிரிக்கு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். (2019இல் மாவட்டத்தைப் பிரித்தபோது ஏலகிரி திருப்பத்தூருக்குப் போய்விட்டது. ஆனாலும் வேலூர்க்காரர்களுக்கு அது நம்ம மலைதான்.) நாங்கள் காட்பாடி வீட்டை விட்டு நகர்வதில்லை. பின்பக்கத் தோட்டத்தில் கட்டிய ஷேட் நெட் (நிழலுக்குக் கட்டும் பிளாஸ்டிக் வலை), அதன் கீழே ஆயாவின் கயிற்றுக் கட்டில், பிள்ளைகளுக்கு ஒரு கோரைப்பாய். லீவு அங்கேயே ஓடிவிடும்.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெட் நிழல் தரும், குளிர்ச்சி தராது. வானிலைச் செய்தியில் 41 டிகிரி என்று சொல்வதே நிழலில் அளந்த காற்றின் சூடு. நெட்டுக்குக் கீழேயும் அதே காற்றுதான் அடிக்கிறது. மேலே நேராக விழும் வெயில் மட்டும் குறையும். காலை பத்து மணி வரை சுகம், அப்புறம் நாலரைக்கு மேல் சுகம். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் மதியத்தில் அந்தப் பக்கமே போக முடியாது. "வெயிலு தாழட்டும், அப்பால போய்ப் படு" என்று ஆயா அதட்டுவதில் நியாயம் இருக்கிறது. மரமில்லாத மலை என்று வேலூரைக் கேலி செய்வார்களே, அந்தப் பாறைகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வரை விட்டுக்கொண்டிருக்கும். சாயங்காலம் மண்ணில் தண்ணீர் தெளித்தால்தான் கட்டிலில் முதுகு சாய்க்க முடிகிறது.

கடையில் 50, 75, 90 சதவீதம் என்று கேட்பார்கள். எவ்வளவு வெயிலைத் தடுக்கும் என்ற கணக்கு அது. வண்டி நிறுத்த 90 சரி. செடியும் ஆளும் சேர்ந்து இருக்கிற இடத்துக்கு 50 போதும். கீரை, கொத்தமல்லி, புதினா எல்லாம் அதன் கீழே வாடாமல் நிற்கின்றன. மல்லிகையை மட்டும் உள்ளே வைக்காதீர்கள், வெயில் படாமல் மொட்டு விடாது. கத்தரியும் வெளியேதான். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு தொட்டியாவது இருக்கிறது. அது வெயிலில் நின்றுதான் காய்க்கிறது.

பச்சை நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. கீழே உட்கார்ந்தால் தட்டில் இருக்கும் தர்பூசணி அழுகினது போல் பழுப்பாகத் தெரியும், மோரில் பாசி படிந்த நிறம். முதல் நாளே ஆயா, "இன்னாடா இது, எல்லார் மூஞ்சியும் காமாலை வந்த மாதிரி கீது" என்றார். கறுப்பு நெட்டில் இந்தத் தொல்லை இல்லை. அடுத்த முறை கறுப்புதான்.

கட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது. கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டினால் சூடு உள்ளேயே தேங்கும். பத்து அடி வேண்டும், நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். கட்டுக்கம்பி வேண்டாம், காற்றில் ஆடி ஆடி வலையை அறுத்துவிடும். ஓரத்தில் வளையம் அடித்து நைலான் கயிறு கோக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் சுருக்கு முடிச்சாக விடுங்கள். கோடை மழைக்கு முன்னால் புழுதியோடு ஒரு காற்று வருமே, அப்போது இழுத்து அவிழ்த்துவிடலாம். இல்லாவிட்டால் கம்பத்தோடு சாயும்.

எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. பக்கத்து வீட்டு வேப்பமரம் சித்திரையில் உதிர்க்கும் பூ கொத்துக் கொத்தாக நெட்டின் மேலேயே தங்கி, மண் படாமல் காய்ந்துவிடுகிறது. கீழிருந்து துடைப்பத்தால் தட்டி ஓரத்துக்குத் தள்ளி வேட்டியில் ஏந்திக்கொண்டால் ரசத்துக்கு ஆயிற்று.

இப்போது தெற்குப் பக்கம் வெளுத்துவிட்டது. விரலால் தேய்த்தால் பச்சைத் தூள் உதிர்கிறது. அந்தத் தூள் கீரைப் பாத்தியில் விழ விடக்கூடாது, அதனால் இந்த வருஷம் கழற்றியாக வேண்டும். நடுவில் தெம்பாக இருக்கும் துண்டை வெட்டித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போடப் போகிறேன்.