ஓபராவை ஸ்கோரோடு கேட்க: காகிதமா, டேப்லெட்டா?

ஓபரா ஒலிப்பதிவை ஸ்கோரை, அதாவது அதன் இசைக்குறிப்பைப் பார்த்துக்கொண்டே கேட்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது காகிதமா டேப்லெட்டா என்றுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது இன்னொன்று இருக்கிறது: வோக்கல் ஸ்கோரா, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி வரி உள்ள ஃபுல் ஸ்கோரா?

வோக்கல் ஸ்கோரில் பாடகர்களின் வரிகள் முழுதாக இருக்கும். ஆர்கெஸ்ட்ரா மட்டும் பியானோவின் இரண்டு கைகளுக்குள் சுருங்கிவிடும். பக்கத்தை அடிக்கடி புரட்ட வேண்டாம், சொற்களும் கண்ணைவிட்டு நழுவாது. இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டிக்கும், அவர் நாட்டுக்காரர் வெர்டியின் பெரும்பாலான ஓபராக்களுக்கும் இதுவே தாராளம்.

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரிடம் இது எடுபடாது. அவருடைய 'தாஸ் ரைன்கோல்ட்' ஓபராவின் முன்னிசை 136 பார்கள் (தாளக் கட்டங்கள்), முழுக்க ஒரே ஈ-ஃப்ளாட் கார்டு (சுரக்கூட்டு). 17-ஆவது பாரில் எட்டாவது ஹார்ன் (பித்தளை ஊதுகருவி) தனியாக நுழையும். அப்புறம் ஏழாவது, ஆறாவது என்று ஒவ்வொன்றாக அதே தொடரை எடுக்கும். ஃபுல் ஸ்கோரில் இது தாளின் மேல் படிக்கட்டு போலத் தெரியும். இசை நடத்துநர் ஷோல்டி 1958-இல் டெக்கா நிறுவனத்துக்காகச் செய்த பதிவைப் போட்டுவிட்டு அந்தப் பக்கத்தைப் பாருங்கள். எந்த ஹார்ன் எப்போது வந்தது என்று காதுக்கும் பிடிபடும். வோக்கல் ஸ்கோரில் அதே இடம் வெறும் பியானோ உருட்டல்தான்.

சரி, ஃபுல் ஸ்கோர்தான் என்றால் எதில்? வாக்னரின் 'கோட்டர்டாம்மெருங்' அச்சில் 600 பக்கத்துக்கு மேல். மேசை இல்லாமல் ஆகாது. டேப்லெட்டில் அந்தச் சுமை இல்லை. 2006-இல் தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி தளத்தில் காப்புரிமை முடிந்த ஸ்கோர்கள் குவிந்து கிடக்கின்றன. மொசார்ட்டின் புதிய முழுத்தொகுப்பையும் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் இருபது வரிகளைச் சின்னத் திரையில் அடக்கினால் எறும்பு ஊர்வதுதான் தெரியும். பதின்மூன்று அங்குலத்துக்குக் கீழே நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதைவிடப் பெரிய தொல்லை, திரையில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். வெர்டியின் 'ஃபால்ஸ்டாஃப்' கடைசி ஃபியூக் (குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் பகுதி) ஓடுகிற வேகத்தில் ஒரு பக்கம் சில நொடிகூட நிற்காது. அச்சில் இரண்டு பக்கம் விரிந்திருப்பதால் கண் முன்கூட்டியே வலப்பக்கம் தாவிவிடும். பாதிப் பக்கமாகத் திருப்பும் வசதியுள்ள செயலி, காலால் அழுத்தும் பெடல் இரண்டும் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

பதிவில் சில பகுதிகளை வெட்டியிருக்கும்போதும் அச்சுக்கே வெற்றி. வெர்டியின் 'லா டிராவியாட்டா' பழைய பதிவுகள் பலவற்றில் 'டி ப்ரொவென்ஸா' பாட்டுக்கு அடுத்து ஜெர்மோன் என்ற பாத்திரம் பாட வேண்டிய கபலெட்டாவே (வேகமான முடிவுப் பாட்டு) இருக்காது. கட்டைவிரலால் நாலைந்து தாளைத் தள்ளினால் இடம் கிடைத்துவிடும். திரையில் தேடுவதற்குள் காட்சி முடிந்துவிடும். (எதிலுமே கிடைக்காத விஷயங்களும் உண்டு. வெர்டியின் 'இல் ட்ரொவடோரே' ஓபராவில் வரும் 'டி குவெல்லா பிரா' பாட்டில் டெனர்கள் (உச்சக்குரல் ஆண் பாடகர்கள்) நீட்டிப் பாடும் அந்த உச்ச சி சுரத்தை வெர்டி எழுதவே இல்லை. சிலர் பாட்டையே அரைச் சுரம் இறக்கிப் பாடுவதால் தாளும் காதும் ஒத்துப்போகாது.) மொசார்ட்டின் 'டான் ஜோவான்னி'யில் நிலைமை தலைகீழ். 1787 பிராக் வடிவத்தையும் 1788-இல் வியன்னாவுக்காகச் சேர்த்த ஆரியாக்களையும் (தனிப்பாட்டுகளையும்) பெரும்பாலான பதிவுகள் கலந்து பாடுகின்றன. முன்னும் பின்னும் தாவ டேப்லெட்டில் புக்மார்க் போட்டு வைப்பதுதான் சுகம்.

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் இறந்தது 1976-இல், அதனால் காப்புரிமை இன்னும் முடியவில்லை. அவருடைய ஓபராக்களுக்கு ஸ்கோர் வேண்டுமானால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அப்படிக் காசு போடுவதென்றால் நான் அச்சு வோக்கல் ஸ்கோரைத்தான் எடுப்பேன். இரவல் கொடுக்கலாம், வேண்டாமென்றால் பழைய புத்தக விலைக்கு விற்றும்விடலாம்.