தாடை முடிக்கு லேசர்: நான்கு வருடக் கணக்கு

தாடையிலும் கழுத்திலும் கருகருவென்று முடி. வாரம் ஒரு தடவை பார்லரில் த்ரெடிங், நடுவில் அவசரத்துக்கு ப்ளக்கர், கல்யாண வீட்டில் யாராவது பக்கத்தில் வந்து பேசினால் தானாகவே கை தாடைக்குப் போய்விடும். பிசிஓடி, அதாவது முகத்தில் முடி வளரவைக்கும் அந்தச் சினைப்பை ஹார்மோன் கோளாறு இருப்பவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

முதலில் லேசருக்கென்று போனது எங்கள் மதுரையிலேயே ஓர் அழகு நிலையம். 'ஆறு சிட்டிங், அப்புறம் ஜென்மத்துக்கும் முடி வராது' என்று சொல்லி முழுப் பேக்கேஜுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். டாக்டர் யாரும் பார்க்கவில்லை, ஓரமாக ஒரு இடத்தில் அடித்துப் பார்க்கும் சோதனையும் கிடையாது. இரண்டாவது சிட்டிங் முடிந்த மூன்றாம் நாள் தாடையில் கட்டம் கட்டமாகக் கருப்பு. அவர்கள் வைத்திருந்தது லேசரே இல்லை, ஐபிஎல் என்கிற ஒளிவீச்சு மெஷின் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் தழும்பு மங்க எட்டு மாதம். கொடுத்த பணம் திரும்பவில்லை.

அதற்கப்புறம்தான் தோல் டாக்டரிடம் போனேன், முதலிலேயே போயிருக்க வேண்டும். அவர் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஹார்மோனுக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்தார். உள்ளே ஹார்மோன் தூண்டிக்கொண்டே இருந்தால் வெளியே எவ்வளவு சுட்டாலும் புதுசாக முளைக்கும் என்றார். லேசர் தேடிப் போவது முடியில் இருக்கும் கருப்பு நிறமியை. நம் மாநிறத் தோலிலும் அதே நிறமிதான் இருக்கிறது, ஆகவே தவறான மெஷினோ அளவோ அமைந்தால் சூட்டை முடிக்குப் பதில் தோல் வாங்கிக்கொள்ளும். 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்ஸாண்ட்ரைட் லேசர் வெள்ளைத் தோலுக்கு நன்றாக வேலை செய்யும், 1064 நானோமீட்டர் என்டியாக் லேசர் மேல்தோலில் அதிகம் சிக்காமல் ஆழத்துக்கு இறங்குவதால் நம் நிறத்துக்குப் பாதுகாப்பு அதிகம். எனக்கு அதுதான். போகிற இடத்தில் 'என்ன மெஷின், யார் கையில் பிடிப்பார்கள்?' என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வலி? தாளிக்கும்போது கடுகு தெறித்துப் படுமே, அப்படி ஒரு நூறு கடுகு. மேலுதட்டில் அடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூடவே முடி பொசுங்கும் வாசனை. கண்ணுக்குக் கவசம் போடாமல் யாரும் ஆரம்பிக்க விடாதீர்கள். அன்று லேசான சிவப்பு, பத்துப் பதினைந்து நாளில் முடி தள்ளிக்கொண்டு வெளியே வந்து உதிரும். அதைப் பார்த்து 'மறுபடி வளர்ந்துவிட்டதே' என்று அழுதவள் நான்.

கஷ்டமான விஷயம் என்னவென்றால், சிட்டிங்குக்கு முன் நான்கு வாரம் பிடுங்கக் கூடாது, த்ரெடிங் கூடாது. வேர் இருந்தால்தானே லேசர் அதைச் சுட முடியும். ரேசரால் மழிக்கலாம் என்றார். அம்மாவிடம் சொன்னால், 'பொம்பளப் புள்ள சவரம் பண்றதா?' மழித்தால் தடியாக வளரும் என்பது வெறும் பேச்சு, நுனி மொட்டையாக இருப்பதால் அப்படித் தெரியும், அவ்வளவுதான். இன்னொரு தடவை சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதைப் பார்க்க வெயிலில் நின்றுவிட்டுக் கறுத்துப் போய்ப் போனேன், டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே ஒரு மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார். பணத்தாசை உள்ள இடமாக இருந்தால் அன்றே அடித்திருப்பார்கள்.

கணக்குக்கு வருவோம். மாதம் ஒன்றாக எட்டு சிட்டிங், ஒன்றுக்கு 3,500 ரூபாய், அப்போது அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அழகு சிகிச்சை என்பதால் இன்ஷூரன்ஸ் கிடையாது. அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று, இன்றும் போகிறேன். முக்கால்வாசி முடி போய்விட்டது, இருப்பதும் மெலிந்துவிட்டது. மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏ கூட இதை நிரந்தரக் 'குறைப்பு' என்றுதான் ஏற்கிறது, நிரந்தர நீக்கம் என்று இல்லை. கன்னத்தில் மட்டும் பூனை முடி முன்பைவிடக் கொஞ்சம் கூடியது. பிசிஓடிக்காரர்களுக்கு முகத்தில் இப்படி எதிர்மாறாக வளர்வது உண்டாம், பார்த்ததும் அந்த இடத்தை நிறுத்திவிட்டோம். பூனை முடிக்காகக் கன்னத்துக்கு லேசர் கேட்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு நாற்பதைத் தாண்டியாயிற்று. தாடையில் ஐந்தாறு வெள்ளை முடி எட்டிப் பார்க்கிறது. நிறமி இல்லாததால் எந்த லேசரும் அதைத் தொடாது, ஆகவே பழைய ப்ளக்கரைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.