கிளிக்ஹவுஸ்: கேட்காமலே எழுதித் தள்ளும் டேட்டாபேஸ்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். கழிவுநீர் மீட்டர்களின் பி.எச்., டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள் அளவு), ஃப்ளோ ரீடிங்கெல்லாம் கிளிக்ஹவுஸில்தான் சேர்கிறது. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுத வந்தது அதன் லாக் பற்றி, அதாவது தான் செய்வதையெல்லாம் அது குறித்து வைக்கும் பதிவு பற்றி.

இன்ஸ்டால் செய்ததுமே லாக் லெவல் (எவ்வளவு விவரமாக எழுதுவது என்ற அளவு) 'ட்ரேஸ்'. கோளாறு தேட வைக்கும் டீபக் லெவலைவிடவும் விவரமாக எழுதும். ஒரு சின்ன செலக்ட் குவெரி (டேட்டாவைக் கேட்கும் கட்டளை) போட்டாலும் எந்த ஐ.பி.யிலிருந்து வந்தது, முழு குவெரி, எத்தனை வரி படித்தது, எவ்வளவு மெமரி தின்றது என்று மளமளவென்று ஓடும். யாரும் எதுவும் கேட்காத நேரத்தில் சின்னச் சின்ன டேட்டா துண்டுகளைப் பின்னணியில் ஒன்றாகச் சேர்க்கும் மெர்ஜ் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் நேர் எதிர், அழுத்தக்காரன். குவெரி எவ்வளவு இழுத்தாலும், நாமாகச் சொல்லி வைக்காவிட்டால் நேரத்தை எழுதாது. மெமரியில் உள்ள மாற்றங்களை டிஸ்க்கில் இறக்கும் செக்பாயின்ட்டை லாகில் எழுதுவதே 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில்தான் டீஃபால்ட் ஆனது. மைஎஸ்க்யூஎல்லில், மெதுவான குவெரிகளைக் குறிக்கும் ஸ்லோ லாக் மூடியே வரும். திறந்தாலும் 10 நொடியைத் தாண்டினால்தான் கணக்கு.

என் ஓட்டு கிளிக்ஹவுஸுக்கு. ராத்திரி ஷிப்ட்டில் கரண்ட் போய் வந்தபோது ஏதோ தொங்கியது என்றால், காலையில் வந்து டீபக்கை ஆன் செய்து என்ன பயன்? மீட்டர் ரீடிங்கை வாங்கி அனுப்பும் எங்கள் கேட்வே ஒன்று ஒவ்வொரு ரீடிங்கையும் தனி இன்சர்ட்டாக (டேட்டாவைச் சேர்க்கும் கட்டளையாக) அனுப்பிக்கொண்டிருந்தது. கிளிக்ஹவுஸுக்கு அது ஆகவே ஆகாது. இன்சர்ட்டுக்கு ஒரு பார்ட் (தனி டேட்டா துண்டு) உண்டாகி மெர்ஜ் திணறிப்போகும். காட்டிக்கொடுத்தது இந்த ட்ரேஸ் லாக்தான்.

சரி, டிஸ்க்? லாக் கோப்பு 1000 எம்.பி. ஆனதும் புதிது தொடங்கும், பழையதில் 10 வரை வைத்திருக்கும். அதற்கு எல்லை உண்டு. குவெரி லாக் என்று தனியாக ஒரு சிஸ்டம் டேபிள் இருக்கிறதே, அதற்குத்தான் எல்லை இல்லை. பழையதை இத்தனை நாளில் அழி என்று சொல்லும் டி.டி.எல். வரி, கான்ஃபிக்கில் வேலை செய்யாத கமென்ட்டாகக் கிடக்கிறது. பம்ப் ரூமில் சின்ன எஸ்.எஸ்.டி.யோடு பெட்டி வைத்திருப்பவர்கள் முதலில் அந்தக் கமென்ட்டை எடுத்து வரியை வேலை செய்ய விடுங்கள்.

வேலூரில் ஆஸ்பத்திரி, லேப் பக்கம் இதை வைப்பவர்களுக்கு இன்னொன்று: குவெரியில் நோயாளியின் பெயர் இருந்தால் லாகிலும் அப்படியே விழும். மறைக்க மாஸ்கிங் ரூல் உண்டு, நாம்தான் எழுத வேண்டும்.

எல்லாம் செட் ஆனதும் நாங்கள் லெவலை, விவரம் குறைந்த இன்ஃபர்மேஷனுக்கு மாற்றிவிட்டோம். குவெரி விவரம் எப்படியும் டேபிளில் இருக்கிறது, அதற்கு 30 நாள் டி.டி.எல். போதும்.

5-க்கு 4 ஸ்டார். டி.டி.எல்.லைக் கமென்ட்டில் விட்டதற்கு ஒன்று கட்.