வெளிர் ரோஸ் ரோஜா: பன்னீரா, குயின் எலிசபெத்தா?

மாடியில் ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம், பூ வெளிர் ரோஸாக இருக்கணும் என்றால் பன்னீர் ரோஜாவை வாங்குங்கள். என்னிடம் குயின் எலிசபெத்தும் இருக்கிறது, அதையும் ஆசையாகத்தான் வளர்க்கிறேன், ஆனாலும் என் ஓட்டு பன்னீருக்கே.

பூவை மட்டும் பார்த்தால் குயின் எலிசபெத் ஒரு படி மேல். அமெரிக்காவில் வால்டர் லாமர்ட்ஸ் உருவாக்கி 1954-இல் வந்த ரகம். நீளக் காம்பு, கூரான மொட்டு, முள்ளும் குறைவு. வெட்டி ஜாடியில் வைத்தால் நாலு நாள் நிற்கும். வாசனைதான் போதாது. பன்னீரோ காலையில் விரிந்து சாயங்காலத்துக்குள் தளர்ந்துவிடும், கை பட்டாலே இதழ் உதிரும், ஆனால் விடியற்காலையில் மாடிக் கதவைத் திறந்ததும் பூ கண்ணில் படுவதற்கு முன்பே மணம் வந்து நிற்கும் பாருங்கள், அதற்கு ஈடே இல்லை. மருந்து அடிக்காத செடியென்றால் இதழைக் கற்கண்டோடு சேர்த்து வெயிலில் வைத்துக் குல்கந்தும் போட்டுக்கொள்ளலாம்.

பெரிய வித்தியாசம் வேரில் இருக்கிறது. குயின் எலிசபெத் பெரும்பாலும் ஒட்டுச்செடியாகத்தான், அதாவது வேறொரு ரோஜாவின் வேர்ப்பகுதியில் (அடிச்செடி) ஒட்டி வளர்த்ததாகத்தான் கிடைக்கும். என் முதல் செடியில், கவாத்து செய்த, அதாவது வெட்டிவிட்ட கிளையின் நுனி கறுத்து, அந்தக் கருப்பு நாளுக்கு நாள் கீழே இறங்கி, ஒட்டு வரைக்கும் காய்ந்துவிட்டது. பிறகு ஒட்டு முண்டுக்குக் கீழிருந்து தளதளவென்று துளிர் வந்தது. பிழைத்துக்கொண்டது என்று இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றினேன்; வந்ததெல்லாம் அடிச்செடியின் துளிர், குயின் எலிசபெத் இல்லை. ரொம்ப மனசு கஷ்டமாகிவிட்டது. பன்னீரைப் பென்சில் கனத்துக் குச்சியிலிருந்தே வேர் பிடிக்க வைக்கலாம், அதனால் மேலே முழுக்கப் பட்டுப்போனாலும் அடியில் துளிர்ப்பது பன்னீர்தான்.

கவனிப்பு இரண்டுக்கும் ஒன்றே: ஆறு மணி நேர வெயில், அக்டோபரில் கவாத்து, வெட்டிய இடத்தில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு (பூஞ்சை மருந்து) பசை. சுமார் 45 நாளில் பூ வரும். மொட்டின் ஓரம் கருகினால் இலைப்பேன் என்ற பொடிப் பூச்சி வந்திருக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து அடியுங்கள்.

அப்புறம், நர்சரியில் ‘பன்னீர்’ என்று சொன்னால் மட்டும் நம்பி எடுக்காதீர்கள். விரிந்த பூ இருக்கிற செடியாகப் பார்த்து, முகர்ந்துவிட்டுக் காசு கொடுங்கள்.