கூலன்ட் விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா? பர்ஸைத் திறக்கும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்

என்னிடம் இருப்பது 16 ஆண்டு ஓடிய பெட்ரோல் கார். ஒருநாள் அதன் டாஷ்போர்டில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டுக்குரிய விளக்கு சில நொடிகள் எரிந்து அணைந்தது. அங்கே தொடங்கிய விவகாரம் இரண்டு பில், சாலையோரத்தில் ஆவி கக்கிய எஞ்சின், ஒரு வாய்ச்சண்டை என்று வளர்ந்தது. கடைசியில் அகப்பட்ட குற்றவாளி ஒரு விரல் நீள ஒயர். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் செய்த காரியத்தைத் தெரிந்துகொண்டால் போதும், எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

முதலில் அந்த விளக்கைப் பற்றி. பல கார்களில் எஞ்சின் சூடு எல்லை மீறினால் எரியும் விளக்கு வேறு, கூலன்ட் தொட்டியில் மட்டம் குறைந்தால் எரியும் விளக்கு வேறு. என் காரில் எரிந்தது இரண்டாவது. தொட்டிக்குள் ஒரு மிதவை, அதில் ஒரு காந்தம், அருகே கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்ன சுவிட்ச். மட்டம் சரியாக இருக்கும்வரை சுவிட்ச் மூடியிருக்கும். மிதவை இறங்கினால் திறந்துகொள்ளும், விளக்கு எரியும். ஆக, விளக்குக்குத் தெரிவதெல்லாம் மின்சுற்று அறுபட்டது என்பது மட்டுமே. அறுத்தது மிதவையா, களிம்பேறிய பிளக்கா, பிய்ந்துபோன ஒயரா என்று அதற்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கும் தெரியாது.

பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்தார், தொட்டியைப் பார்த்தார். மட்டம் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தது. "தெர்மோஸ்டாட் போயிருக்கும் சார், பழைய வண்டி பாருங்கள்" என்றார். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. விளக்கு எப்போது எரிகிறது, காலையிலா, ஓடிச் சூடான பிறகா, மேட்டிலா, திருப்பத்திலா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால், மேடுபள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் எரிகிறது என்று சொல்லியிருப்பேன். இந்த வகைப் பழுதில் பாதித் துப்பு அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது. குளிர்ந்த காலையில் எரிந்து, ஓடியபின் அணைந்தால் மட்டம் உண்மையிலேயே கீழ்க்கோட்டை ஒட்டி நிற்கிறது என்று பொருள். ஆறிய கூலன்ட் சுருங்கும், சூடானால் விரியும். வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் எரிந்தால் அதுவும் பெரும்பாலும் மட்டக்குறைவே, திரவம் ஒருபக்கம் ஒதுங்குவதால் மிதவை ஏமாறுகிறது. தொட்டியில் மட்டம் சரியாக இருந்து, குலுங்கினால் மட்டும் எரிந்தால் சந்தேகம் ஒயர் பக்கம் போகவேண்டும். தெர்மோஸ்டாட்டுக்கும் மட்ட விளக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சூட்டு முள் எப்போதும்போல நடுவில்தான் நின்றது. நான் தலையாட்டினேன், பணம் கொடுத்தேன்.

பத்து நாளில் விளக்கு திரும்ப வந்தது. இந்த முறை, கூலன்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் என்றார்கள். கசிகிற வாட்டர் பம்ப் தன் அடையாளத்தை விட்டுவைக்கும்: தண்டுக்கு அடியில் உள்ள சின்னத் துளையிலிருந்து வழிந்து, காய்ந்து, உப்புப் படிந்ததுபோல் நிறக்கோடு விழுந்திருக்கும். என் பம்பில் அப்படி ஏதாவது இருந்ததா என்று இன்றைக்கு என்னால் சொல்லமுடியாது. மாற்றிய பம்பைக் காட்டச் சொல்லிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தயவுசெய்து நீங்கள் கேளுங்கள். வேலை முடிந்த பிறகு அல்ல, வண்டியை விடும்போதே, "கழற்றும் பாகத்தை எடுத்துவையுங்கள், நான் கொண்டுபோவேன்" என்று சொல்லிவிடுங்கள்.

பம்ப் மாற்றிய மறுநாளே வேறு விதமான தொல்லை. ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று வந்தது. விளக்கு இப்போது சிமிட்டவில்லை, நின்று எரிந்தது. இரண்டு முறை அது சொன்னது பொய்யாகிப்போனதால் நான் கண்டுகொள்ளவில்லை. என் முட்டாள்தனம் என்று ஒன்று இந்தக் கதையில் உண்டென்றால் அது இதுதான். பம்ப் மாற்றியபோது உள்ளே சிக்கிய காற்றை அவர்கள் வெளியேற்றவில்லை. அந்தக் காற்று மெல்ல மேலேறி வெளியே வர, தொட்டியில் மட்டம் நிஜமாகவே விழுந்துவிட்டது. சிறிது நேரத்தில் சூட்டு முள் சிவப்புக்கு ஏறியது, பானெட் இடுக்கில் ஆவி. ஓரம்கட்டி எஞ்சினை அணைத்தேன். நல்லவேளையாக மூடியைத் தொடவில்லை. பல கார்களில் அந்த மூடிக்குக் கீழே ஏறக்குறைய 1 பார் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர்கூட 120 டிகிரி அளவில்தான் கொதிக்கும். திறந்தால் அழுத்தம் போய், கொதிநீரும் ஆவியுமாக ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, வண்டியை இழுத்துக்கொண்டு அதே பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதன் உட்புறத்தில் ஒட்டியிருந்த வெண்ணெய்போன்ற படிவைக் காட்டினார். "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. எஞ்சினைப் பிரிக்கவேண்டும்." எஞ்சினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். அது போனால் கூலன்ட் ஆயிலில் கலக்கலாம். ஆயில் அளவுக்கோலை உருவிப் பார்த்தேன், ஆயில் தெளிவாக இருந்தது. குறைந்த தூரமே ஓடி அடிக்கடி நிற்கும் வண்டியில் உள்ளே ஈரம் சேர்ந்தாலும் மூடியில் அப்படிப் படியும் என்று எங்கோ படித்த ஞாபகம். சோதித்துப் பார்த்துச் சொல்லமுடியுமா என்று கேட்டேன். "25 வருட அனுபவம் சார், இதற்கெல்லாம் எதற்குச் சோதனை?" என்றார். எனக்கு அங்கேதான் புத்தி வந்தது. வண்டியை வெளியே எடுத்தேன்.

வேறொருவரிடம் போனேன். பெரியவர், வண்டிகளின் மின்பழுது பார்ப்பதே தொழில். அவர் முதலில் கேட்டது, "எப்போது எரிகிறது?"

எஞ்சினைத் தொடுமுன் அவர் இரண்டு சோதனை செய்தார். கூலன்ட் திறப்பின்மேல் நீலத் திரவம் அடைத்த ஒரு குழாயை வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளிருக்கும் காற்றை அதன் வழியே உறிஞ்சினார். கேஸ்கெட் பிளந்திருந்தால் எரிபுகை கலந்து நீலம் மஞ்சளாகவேண்டும். நீலம் நீலமாகவே இருந்தது. எஞ்சின் ஆறியபின், கைப்பம்பால் மூடியில் எழுதியிருந்த அழுத்தம்வரை ஏற்றிவிட்டு, கால் மணி நேரம் வேறு வேலை பார்த்தார். அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. கசிவும் இல்லை, கேஸ்கெட்டும் போகவில்லை. எஞ்சினைப் பிரிக்கச் சொன்ன பட்டறையில் இந்த இரண்டு கருவிகளும் சுவரில் தொங்கின என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

பிறகு தொட்டியின் சென்சார் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். என் கார் வகையில் அப்படிச் செய்தால் விளக்கு அணையவேண்டும். சில கார்களில் நேர்மாறாக இருக்கும், கையேட்டைப் பார்க்காமல் செய்யாதீர்கள். அணைந்தது. அப்படியே பேட்டரிப் பக்கமாகப் போகும் ஒயர்க்கட்டைப் பிடித்து, அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டே போனார். நான் உள்ளே உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரித் தட்டின் விளிம்புக்கு வந்ததும் எரிந்தது, விட்டால் அணைந்தது, மறுபடி வளைத்தால் எரிந்தது. மேலுறையைக் கீறிக் காட்டினார்: தகட்டில் உரசி உரசித் தோல் போய், செம்பு பச்சையாகிப் பொடிந்திருந்தது. இரண்டு மூன்று இழைதான் மிச்சம். வெட்டி, பற்றவைத்து, உறைபோட்டு மூட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அவர் விடவில்லை. ஒரு சொட்டுக் கூலன்டை அளவுக்கருவியில் வைத்துப் பார்த்தார்; கிட்டத்தட்ட வெறும் தண்ணீர், நிறம் மட்டும் கொஞ்சம். பம்ப் மாற்றியபோது என் பழைய கூலன்டை வடித்துவிட்டு இதைத்தான் நிரப்பியிருக்கிறார்கள். துருவைத் தடுக்கும் சரக்கு எதுவும் அதில் இல்லை. அடுத்து தெர்மோஸ்டாட் உறையின் போல்ட்டுகளைக் காட்டினார். தலைகளில் பல வருட எண்ணெய்ப் புழுதி இறுகிக் கிடந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. கழற்றினோம். கார் நிறுவனத்தின் முத்திரையோடு, காரோடு பிறந்த அதே தெர்மோஸ்டாட். நூலில் கட்டி, அடுப்பில் சூடாகும் தண்ணீரில் தொங்கவிட்டு வெப்பமானியைப் பார்த்தோம்: தகட்டில் பொறித்திருந்த 88 டிகிரியை ஒட்டி அழகாக வாய்திறந்தது. பழுதே இல்லாத பாகத்தை, மாற்றாமலேயே, மாற்றியதாகப் பில் போட்டிருக்கிறார்கள்.

பில்லோடு முதல் பட்டறையில் போய் நின்றேன். "பையன் மறந்திருப்பான்" என்றார். சத்தம் போட்டபிறகு தெர்மோஸ்டாட் பணம் மட்டும் திரும்பி வந்தது. பம்புக்கு எதுவும் தேறவில்லை. பழைய பம்பு இல்லாததால் எதைக் காட்டி வாதாடுவது?

நல்ல கூலன்டை நிரப்பி, காற்றை வெளியேற்றி நான்கு மாதமாகிறது. இதற்கிடையில் விளக்கு ஒரே ஒரு முறை எரிந்தது, குளிர்ந்த காலையில். திறந்து பார்த்தேன், மட்டம் கீழ்க்கோட்டுக்கு அரை விரல் கீழே. கீழ் ஹோஸின் கிளிப் ஓரம் வெள்ளைப் படிவு. ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று முறுக்கி, குறைந்ததை ஊற்றினேன். மறுநாள் காலை எரியவில்லை.