6 லிட்டர் கேஸ் கீசர்: ஊட்டி உறைபனிக்குத் தாங்குமா?

தாங்கும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் '6 லிட்டர்' சமவெளிக் கணக்கு. தண்ணீரின் சூட்டை 25 டிகிரி ஏற்றினால்தான் நிமிடத்துக்கு 6 லிட்டர். ஊட்டியின் தலைக்குந்தா, காந்தல் பக்கம் தை மாதக் காலையில் 8 டிகிரியில் வரும் தண்ணீரைக் குளிக்கிற பதத்துக்கு, அதாவது 42 டிகிரிக்கு ஏற்றினால் 4½ லிட்டர்கூடத் தேறாது. வாளிக் குளியலுக்குப் போதும்; ஷவருக்குச் சுமார்தான்.

பற்றவில்லையென்றால் முதலில் காதைக் கொடுங்கள். 'டிக் டிக்' சத்தம் மெதுவாக, இழுத்து இழுத்து வந்தால் செல் போச்சு. குளிரில் சாதாரண செல் சீக்கிரம் படுத்துவிடும். அல்கலைன் பெரிய செல் இரண்டு போடுங்கள். சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் தண்ணீர் அழுத்தம்தான் குறை. உள்ளே வரும் குழாயின் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் தண்ணீர் அழுத்தத்தால் நகர்ந்து கேஸைத் திறந்துவிடும் டயாஃப்ரம் ரப்பரைப் பார்க்க வேண்டும்.

பற்றிய தீ சிறுத்துக்கொண்டே போய் அணைந்தால் கீசரைத் திட்டாதீர்கள், சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கேஸ். புரொப்பேன் முதலில் ஆவியாகிப் போய்விடுவதால் அடியில் தங்குவது பெரும்பாலும் பியூட்டேன். அது பூஜ்யம் டிகிரியை ஒட்டி ஆவியாகவே மறுக்கும். கீசரோ முழுத் தீயில் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் கேட்கும். அதனால் கால் சிலிண்டரை அடுப்புக்கு விட்டுவிட்டு, புதியதைக் கீசருக்கு மாட்டுங்கள். சிலிண்டரைச் சூடுகாட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

கீசரின் உயிர், தண்ணீர் ஓடிச் சூடாகும் செம்புக் குழாய்ச் சுருளில், அதாவது காயிலில் இருக்கிறது. உறையும் தண்ணீர் 9 சதவீதம் விரிந்து காயிலைப் பிளந்துவிடும். வெயில் வந்து சொட்டும்போதுதான் தெரியும். நீர்ப்பனி விழ ஆரம்பித்ததுமே இதைப் பழக்கமாக்குங்கள்: படுக்கும் முன் கேஸை மூடி, தண்ணீர் வால்வை அடைத்து, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீர்கூட வராது, அவ்வளவுதான் சங்கதி. மறந்துபோய் உறைந்துவிட்டதா? பற்றவைக்காதீர்கள், வெயில் ஏறட்டும்.

குளியலறைக்குள் மாட்டவே கூடாது. குளிருக்குப் பயந்து ஜன்னலில் சாக்கு அடைக்கும் ஊர் இது. காற்றோட்டம் இல்லாமல் கேஸ் எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. வெளிச் சுவரில், சன்ஷேடுக்குக் கீழே மாட்டுங்கள். தீ மஞ்சளாக எரிந்தால் உடனே நிறுத்தி பர்னரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

மதிப்பெண் 5-க்கு 3½. குறைத்த ஒன்றரையில் பாதி, அந்த வடிகால் திருகின் ரப்பர் வளையத்துக்கு: தினமும் கழற்றினால் ஒரு சீசன் தாங்காது. வாங்கும்போதே நாலைந்து கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள்.