சொந்த சாஃப்ட்வேரா, மாதச் சந்தாவா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் கணக்கு எழுதும் ஹார்டுவேர் கடையில், 2015 வெள்ளத்தின்போது பில் போடும் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் இருந்தது. பேக்கப் எடுத்த பென்டிரைவ்? அதே மேஜையின் கீழ் டிராயரில். இரண்டும் சேர்ந்தே நனைந்தன. அப்புறம் சரக்கு வாங்கியவர்களிடம் பில் நகல் கேட்டு அலைந்த கதை தனி.

இருந்தும், கணக்கை நெட்டில் வைத்து மாதாமாதம் பணம் கட்டி ஓட்டும் சந்தா பில்லிங் சாஃப்ட்வேர் பற்றிப் பேச்செடுத்தால், "மூணு வருஷ சந்தாவைக் கூட்டினா சொந்தமாவே வாங்கிடலாமே சார்" என்பார் முதலாளி. கணக்கு சரிதான். ஆனால் கம்ப்யூட்டர், யுபிஎஸ் பேட்டரி, சர்வீஸ் பையனுக்குக் கொடுப்பது எதுவும் அதில் வராது. புது அப்டேட்டுக்கும் பெரும்பாலும் தனிக் காசு.

அவருக்குப் புதுச்சேரியிலும் ஒரு கிளை. பஸ்ஸில் ஒரு மணி நேரம், ஆனால் ஜிஎஸ்டி மாநிலக் குறியீட்டில் தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. சொந்தக் கிளைக்கு நூறு மூட்டை சிமென்ட் அனுப்பினாலும் மாநிலம் விட்டுப் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி போட்டு பில் போட வேண்டும். இரண்டு கடையிலும் தனித்தனி சாஃப்ட்வேர் இருந்தபோது, அங்கே வரவு வைப்பது மாதக் கடைசியில்தான். அதுவரை இருப்பு எவ்வளவு என்பது கடவுளுக்கே வெளிச்சம். சந்தாவில் இரண்டு கல்லாவும் பார்ப்பது ஒரே ஏட்டை. 2025 செப்டம்பர் 22 அன்று சிமென்ட் வரி 28லிருந்து 18 சதவீதமானபோது, ஒரு இடத்தில் மாற்றியதோடு வேலை முடிந்தது.

நெட் போனால் சந்தாக்காரர் பாடு திண்டாட்டம்தான். ஃபெஞ்சல் புயல் வந்த 2024 நவம்பர் கடைசியில் போனில் சிக்னலே இல்லை. அதற்குள் சந்தாவுக்கு மாறியிருந்த முதலாளி கையால் பில் புக் எழுதினார். இன்வெர்ட்டர் வைத்திருந்த எதிர்க்கடைக்காரர் பழைய சாஃப்ட்வேரில் ஜோராக பில் போட்டார்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை, சந்தாவை நிறுத்தினால் பழைய கணக்கு என்ன ஆகும் என்பது. ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் ஜிஎஸ்டி கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் எக்செல்லில் இறக்கிக்கொள்ள முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒரே கடை, ஒரே கல்லா என்றால் சொந்த சாஃப்ட்வேரே போதும், பென்டிரைவை வீட்டுக்கு எடுத்துப் போனால். இரண்டு கடை இருந்தால் நான் சந்தா பக்கம்தான். நம்ம முதலாளியும் மாறிவிட்டார். ஆனாலும் மாதம் பிறந்தால் ஒரு நகல் இறக்கி வைக்கிறார். பென்டிரைவ் இப்போது மாடியில், சாமி அலமாரியில்.